பூஞ்சணக் காடும் புசல்லாவை மலையும்

உலகம் ஒருமுறை அழிந்தபின் எஞ்சிய மனிதர் எவ்வாறு வாழ்வர் என்னும் கேள்வி மனித குலத்துக்குப் புதியதன்று. ஊழி வெள்ளத்தைப் பற்றிய கதை இல்லாத பழஞ்சமுதாயம் அரிது. கடல்கொண்ட நிலத்தைப் பற்றிய நினைவு நமது இலக்கிய மரபிலும் உண்டு. ஆயினும் அக்கதைகளில் அழிப்பது தெய்வத்தின் சினம், அன்றேல் இயற்கையின் சீற்றம். 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஹிரோஷிமா, நாகசாக்கி ஆகிய இரு நகரங்களின் மீது அணுகுண்டு வீசப்பட்ட பின்னர் இக்கேள்வியின் இயல்பே மாறிவிட்டது. அழிப்பவனும் மனிதன், அழிபவனும் மனிதன் என்ற நிலை தோன்றிற்று. அதன் பின் எழுந்த அழிவுக் கதைகள் யாவும், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ, சில சமுதாயக் கேள்விகளை எழுப்புகின்றன. அழிவைச் செய்தவர் யார்? அதன் சுமை யார் தலையில் வீழ்ந்தது? மீட்சி யார் கையில் இருக்கிறது?

இவ்வகைக் கதைகளுள், 1984 மார்ச் 11ஆம் நாள் யப்பானில் வெளியான ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’ என்னும் சித்திரத் திரைப்படம் தனியிடம் பெற்றது. அதனை எழுதி நெறிப்படுத்தியவர் ஹயாவோ மியசாக்கி; தயாரித்தவர் இசாவோ தக்காஹாட்டா; இசையமைத்தவர் ஜோ ஹிசாய்ஷி. கார்ட்டூன் படம் என்றவுடன் ‘சிறுவர் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே, குறிப்பாக ஆசிரியரிடையே, இன்னும் உண்டு. அவ்வழக்கம் எத்துணை தவறானது என்பதற்கு இப்படம் ஒன்றே போதிய சான்றாகும்.

புசல்லாவையிலிருந்து இப்படத்தைப் பார்ப்போருக்கு அது மற்றொரு காரணத்தாலும் முக்கியமாகிறது. படத்தில் உலகை மூடி நிற்பது ஒரு பூஞ்சணக் காடு. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியின் இரு மருங்கிலும் இன்று நாம் காணும் தேயிலை மலைகளோ, ஒரு பூஞ்சணம் ஓர் உலகையே அழித்ததன் பின் எழுந்தவை. யப்பானியக் கலைஞர் கற்பனையில் கண்டதை, நமது மலைகள் 1869ஆம் ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுக் காலம் நேரிற் கண்டன. எனவே அக்கற்பனையை வரலாற்றுத் தராசில் இட்டு நிறுக்க நமக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. அவ்வாறு நிறுக்குமிடத்து, அழிவின் காரணத்தைக் கூறும்போது படம் உறுதியாக நிற்பதையும், மீட்சியின் வழியைக் கூறும்போது தடுமாறுவதையும் காண்கிறோம்.

முதலில் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். பெருந்தொழில் நாகரிகம் ஒன்று தான் படைத்த அரக்க ஆயுதங்களால் ‘ஏழு நாள் தீ’யில் எரிந்து மடிந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. பூமியின் பெரும்பகுதியை நச்சுக் காற்றை வெளிவிடும் பூஞ்சணக் காடு மூடியிருக்கிறது. முகமூடி இன்றி அதனுள் நுழைந்தவன் சில நிமிடங்களில் மாள்வான். மலையளவு பருத்த ‘ஓமு’ என்னும் பூச்சிகள் அக்காட்டின் காவலர். காட்டின் ஓரத்தே, கடலிலிருந்து வீசும் காற்றினால் நச்சு வித்திகள் வந்து விழாமற் காக்கப்படும் சிறு பள்ளத்தாக்கு ஒன்றில் உழவர் சிலர் வாழ்கின்றனர். அவர்தம் தலைவனின் மகளே நௌசிகா. தோல்மெக்கியா என்னும் வல்லரசு, பெஜிதே என்னும் சிற்றரசின் மண்ணுக்கடியிற் கண்டெடுக்கப்பட்ட பழைய அரக்க ஆயுதத்தைக் கைப்பற்றுகிறது. அதனைக் கொண்டு காட்டை எரித்துவிட முயல்கிறது. அதன் பொருட்டுப் பள்ளத்தாக்கையும் அடிமைப்படுத்துகிறது. நாடிழந்த பெஜிதே மக்களோ, பழிவாங்கும் வெறியில், ஓமுக் குஞ்சு ஒன்றைச் சித்திரவதை செய்து, சினமுற்ற ஓமுப் படையைப் பள்ளத்தாக்கின்மீது ஏவிவிடுகின்றனர். நௌசிகா தன்னையே குறுக்கே நிறுத்திப் பேரழிவைத் தடுக்கிறாள்; மாள்கிறாள்; ஓமுக்களின் பொன்னிறக் கரங்களால் மீண்டும் உயிர் பெறுகிறாள். நீல உடையணிந்த ஒருவர் பொன்வயலில் வந்து நிற்பார் என்ற பழைய வாக்கு நிறைவேறுகிறது.

இக்கதையின் தலையாய வலிமை, இயற்கையைப் பகைவனாகக் காட்ட மறுப்பதாகும். நச்சுக் காட்டின் வித்திகளை நௌசிகா தன் கோட்டையின் அடியில் இரகசியமாக வளர்க்கிறாள். ஆழ்கிணற்றின் தூய நீரும் தூய மண்ணும் கிடைத்தபோது அச்செடிகள் நஞ்சைக் கக்கவில்லை. ஆகவே நஞ்சு செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது, மண்ணை நஞ்சாக்கியவன் மனிதன். பின்னர் காட்டின் அடித்தளத்தே வீழ்ந்தபோது, அம்மரங்கள் நச்சை உறிஞ்சித் தூய மணலாகவும் நீராகவும் மாற்றுவதை அவள் நேரிற் காண்கிறாள். மினமாட்டா விரிகுடாவில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை கொட்டிய பாதரசம் மீனையும் மீன் உண்ட மக்களையும் அழித்தது. 1956இல் அந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அக்கடலின் கதை தமது கற்பனையைத் தூண்டியதாக மியசாக்கி கூறியுள்ளார். படத்தின் நஞ்சு வானத்திலிருந்து வந்ததன்று, இலாபத்துக்காக இயங்கிய ஆலைக் குழாயிலிருந்து வந்தது என்று அறிந்து பார்க்கும்போது, பூச்சிக் கதை சமுதாயக் கதையாகிவிடுகிறது.

இரண்டாவது வலிமை, உழைப்பின்மீது படம் காட்டும் மதிப்பு. மியசாக்கி 1963இல் தோயி சித்திரப்படக் கூடத்தில் தொழிலாளியாகச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டே அதன் தொழிற்சங்கச் செயலாளராகப் பணியாற்றியவர். தக்காஹாட்டாவும் அதே சங்கத்தின் உபதலைவராக இருந்தார். அப்பயிற்சி படத்தில் வீண்போகவில்லை. பள்ளத்தாக்கில் காற்றாலை சுழல்கிறது, நீர் இறைக்கப்படுகிறது, பகைவரின் கப்பல் மோதி எரிந்த இடத்தில் சிதறிய வித்திகளை முதியோர் ஒவ்வொன்றாகத் தேடி எரிக்கின்றனர். தோல்மெக்கியத் தளபதி குஷானாவிடம் முதியவர் சிலர் தமது கைகளை நீட்டிக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. காட்டின் நோயால் அவை கல்லாக இறுகிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் எங்கள் இளவரசி இக்கைகளை உழைக்கும் கைகள் என்று விரும்புகிறாள் என்று அவர்கள் பெருமையோடு கூறுகின்றனர். கொழுந்துச் சாறு கறுத்துப் படிந்து வெடித்த விரல்களை நாள்தோறும் காணும் மலையகத்தார், இக்காட்சியின் பொருளை எவரும் விளக்காமலே உணர்ந்துகொள்வர்.

மூன்றாவது வலிமை, சிறு மக்கட் கூட்டங்கள் ஒன்றையொன்று அழிக்குமாறு வல்லரசு எவ்வாறு செய்துவிடுகிறது என்பதைக் காட்டுவது. பெஜிதே மக்களும் பள்ளத்தாக்கு மக்களும் ஒரே படையால் மிதிக்கப்பட்டவர்கள். எனினும் பெஜிதேயின் கோபம் வல்லரசின்மேற் செல்லும் வழியில் பள்ளத்தாக்கின் உழவரையும் பலிகொள்ளத் துணிகிறது. குஷானாவும் வெறும் கொடியவளாகத் தீட்டப்படவில்லை. பூச்சிகளால் கையை இழந்தவள், தான் நன்மையே செய்வதாக நம்புகிறவள். தன் நன்மையைப் பிறருக்கு நன்மையென்று நம்பும் ஆதிக்க மனம் அவளிடம் செம்மையாக வடிக்கப்பட்டுள்ளது.

கலைத்திறனைப் பற்றியும் ஓரிரு சொற்கள் கூறவேண்டும். கணினி இன்றிக் கையால் வரைந்த சித்திரங்களே இவை. காற்று கண்ணுக்குப் புலப்படாத பொருள். அதனைப் புல்லின் அசைவிலும், நௌசிகா ஏறிப் பறக்கும் சிறு விமானத்தின் சாய்விலும் கண்ணுக்குப் புலப்படுத்தியிருக்கிறார்கள். உருவம் முற்றாத அரக்க ஆயுதம் தன் தசை உருகி வழிய நெருப்புக் கக்கும் காட்சியை வரைந்தவர் அப்பொழுது இளைஞராயிருந்த ஹிதேயாக்கி அன்னோ. பேரழிவு ஆயுதத்தை அழகாக்கிக் காட்டும் திரைப்படங்கள் மலிந்த காலத்தில், அதனை அழுகிய பிணமாகக் காட்டிய நேர்மை குறிப்பிடத்தக்கது. 1985இல் அமெரிக்காவில் இப்படத்தை இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, வெறும் சண்டைக் கதையாக்கி, வேறு பெயரில் வெளியிட்டனர். வியாபாரிகள் எதனை வெட்டினர் என்பதைப் பார்த்தாலே ஒரு படைப்பின் உயிர் எங்கிருந்தது என்பது விளங்கும். காட்டையும் மண்ணையும் பற்றிய சிந்தனையே முதலிற் கத்தரிக்கு இரையாயிற்று.

இனி நமது மலைகளின் வரலாற்றுக்கு வருவோம். படத்தின் ‘ஏழு நாள் தீ’க்கு ஒப்பான தீ இங்கும் எரிந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. 1824 அளவில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். கண்டிக்கு அண்மையில் கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே கோப்பி பயிரிட்டார். ஆளுபவனே தோட்டக்காரனாக இருந்த நாட்டில் சட்டம் யார் பக்கம் பேசும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கருத வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகக் கண்டிய விவசாயி மாடு மேய்த்த நிலமும், விறகு பொறுக்கிய காடும் ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டன. ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் உறவினரான டி வேர்ம்ஸ் சகோதரர் 1840களின் தொடக்கத்தில் புசல்லாவையில் நிலம் வாங்கித் தமது தோட்டத்துக்கு அக்குடும்பப் பெயரையே சூட்டினர். ஐரோப்பிய அரசர்களுக்குக் கடன் கொடுத்த ஒரு குடும்பத்தின் பெயர் புசல்லாவை மலையொன்றில் இன்றும் நிலைத்து நிற்கும் வரலாறு இதுவே.

காட்டை வெட்டி, காய்ந்தபின் தீயிட்டு, சாம்பலில் கோப்பி நட்டனர். மரத்தை வெட்டியவரும் தீ வைத்தவரும் நட்டவரும் கூலிகளே. காட்டு வேலையில் சிங்களக் கிராமத்தாரும் ஈடுபட்டனர். கோப்பி பறிக்கும் பருவத்துக்கு தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைக்கு நடந்து வந்தவர் எத்தனையோ பேர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியாகி அவ்வழியிலேயே வீழ்ந்தவரும் பலர். கோப்பிக் காலத்துத் தொழிலாளி பெரும்பாலும் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் வழிப்போக்கனாகவே இருந்தான் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் வரும் மாற்றத்தின் ஆழம் அப்பொழுதுதான் விளங்கும்.

1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் தலையாய நோக்கம். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1869இல், மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறமான பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சண ஆராய்ச்சியாளரான பெர்க்லி பாதிரியார் அதனை ஆராய்ந்து ‘ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். ‘வஸ்தாத்ரிக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பாழாக்குபவள் என்று பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

இதிற் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நோய் கண்ட அன்றே கோப்பி வீழ்ந்துவிடவில்லை. 1870களில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்தது. மரத்துக்கு மரம் விளைச்சல் குறைந்தபோதிலும் பணம் குறையவில்லை. ஆகவே தோட்டக்காரர் நோயைப் பொருட்படுத்தாது மேலும் காடழித்து உயர்ந்த மலைகளிலும் கோப்பி நட்டனர். 1878 அளவில் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரில் கோப்பி நின்றது. விலை ஏறிக்கொண்டிருக்கும் வரையில் அழிவு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது முதலாளித்துவப் பொருளாதாரத்தின் பழைய குருட்டுத்தனம். விலை சரிந்தபோது அழிவு முழு உருவத்தோடு வெளிப்பட்டது. 1884இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. துரைமார் பலர் கப்பலேறினர். தொழிலாளரின் சம்பளமோ மாதக்கணக்கில் நிலுவையாய் நின்றது. வீட்டுத் தோட்டத்தில் கோப்பி வளர்த்து வரியும் கடனும் அடைத்துவந்த சிங்கள விவசாயியும் அதே பூஞ்சணத்தால் நொடிந்தான். வரலாற்று நூல்கள் துரைமாரின் துயரத்தை விரித்துரைத்த அளவுக்கு இவ்விரு சாராரின் துயரத்தையும் உரைத்ததில்லை.

நோயின் காரணத்தை அறிய 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இலங்கைக்கு அனுப்பப்பட்டார். ஈராண்டுக் காலம் ஆராய்ந்து, வித்திகள் காற்றில் பரவுவதை அவர் நிறுவினார். இடையே காடோ வேறு மரமோ தடுப்பாக நில்லாமல், மலைக்குப் பின் மலையாக ஒரே பயிர் நின்றதால், பருவக்காற்று ஏந்திவந்த ஒவ்வொரு வித்திக்கும் இரை ஆயத்தமாய்க் காத்திருந்தது. பூஞ்சணத்தின் இயல்பு பரவுவது; ஆயின் அது பரவுவதற்கு நூறு மைல் நீளச் சோலையைப் பரப்பிவைத்தது மூலதனம். தோட்டக்காரர் எதிர்பார்த்தது மருந்து. வார்ட் கொடுத்ததோ உண்மை. அது அவர்களுக்கு உவப்பாயிருக்கவில்லை.

நௌசிகா தன் இரகசிய அறையிற் கண்ட உண்மையும் பேராதனையிலும் கோப்பித் தோட்டங்களிலும் வார்ட் கண்ட உண்மையும் ஒன்றேயாகும்: நோய் செடியிலிருந்து பிறக்கவில்லை, மனிதன் நிலத்தை நடத்திய முறையிலிருந்து பிறந்தது. வார்டின் ஆய்வுக்கு நூறாண்டுகளுக்குப் பின் அதே உண்மையைச் சிறுவரும் உணரும் கதையாக்கியது மியசாக்கியின் அருஞ்சாதனை. படத்தில் காற்று பள்ளத்தாக்கைக் காக்கிறது. நமது மலையில் காற்றே அழிவைச் சுமந்து வந்தது. இவ்வேற்றுமையும் பொருளுடையது. காற்று நண்பனுமன்று, பகைவனுமன்று. அது வீசும் நிலத்தை மனிதன் எவ்வாறு ஒழுங்கு செய்திருக்கிறான் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

இதுவரை வரலாறு படத்துக்குச் சான்று பகர்கிறது. இதற்கு மேல் வரலாறு படத்தை மறுக்கத் தொடங்குகிறது. அழிவுக்குப் பின் என்ன நிகழ்ந்தது என்னும் கேள்வியிலேயே அம்மறுப்பு எழுகிறது.

கோப்பி மாண்ட மலைகளில் முதலிற் சிங்கோனாவும் பின்னர் தேயிலையும் வந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை, 1900ஆம் ஆண்டளவில் மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்தது. சீனத்துத் தேயிலைக் கன்றுகளை டி வேர்ம்ஸ் சகோதரர் அதற்கு முன்பே புசல்லாவையில் நட்டுப் பார்த்ததுண்டு. அப்பொழுது அது வியாபாரமாகவில்லை. கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேற்றுமை தாவரவியல் வேற்றுமை மட்டுமன்று. கோப்பிக்குப் பருவத்திலேயே ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து வாரந்தோறும் துளிர்க்கும்; அதனைப் பறிக்கப் பெண்ணின் கை வேண்டும்; பெண் வந்தாற் குடும்பம் வரும்; குடும்பம் தங்க லயம் வேண்டும். இவ்வாறே பருவத்துக்கு வந்து திரும்பிய வழிப்போக்கன், மலையிற் பிறந்து மலையில் மடியும் குடியானான். கோப்பிக் காலத்திலேயே நிலைத்துவிட்ட குடும்பங்கள் சில உண்டெனினும், மலையகத் தமிழர் என்னும் நிலைபெற்ற சமுதாயம் உருவெடுத்தது அந்தப் பூஞ்சண அழிவுக்குப் பின்னரேயாகும். அழிவுக்குப் பின் பிறந்த மக்களைப் படங்களிற் காணும் நாம், அத்தகையதொரு மக்கள் கூட்டம் இங்கே நம்மிடையே வாழ்வதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இம்மக்களுக்கு எந்தப் பழைய வாக்கும் உதவவில்லை. நீல உடையணிந்த இளவரசி எவளும் வரவில்லை. கிடைத்தவை பெரட்டும் பேரும் கங்காணியின் கடனும். கடனைத் தீர்க்கும் வரையில் தோட்டத்தை விட்டு நீங்க முடியாமற் கட்டிவைத்த துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென அகில இலங்கைச் சம்மேளனம் அமைத்தார். 1940 ஜனவரியில் கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். 1947 தேர்தலில் மலையக மக்கள் தமது பிரதிநிதிகள் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அதற்கு விடையாக 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரை மூட்டை எண்ணுவது போல எண்ணிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் நாடற்றோர் என்ற சொல் இம்மலைகளை விட்டு அகலவில்லை. கிடைத்த உரிமை ஒவ்வொன்றும் கூட்டமாகக் கூடியவர், கேட்டவர், வேலையை நிறுத்தியவர், சிறை சென்றவர், செத்தவர் ஆகியோரால் அங்குலம் அங்குலமாகப் பெறப்பட்டது.

இந்த வரலாற்றை நெஞ்சிற் கொண்டு படத்தின் முடிவைப் பார்க்கும்போது அதன் குறை பளிச்சிடுகிறது. இறுதிக் கட்டத்தில் பள்ளத்தாக்கு மக்கள் யாவரும் பார்வையாளராகிவிடுகின்றனர். சற்று முன்னர்தான் அவர்கள் தோல்மெக்கியப் படையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்திருந்தனர். அவர்தம் ஒற்றுமையும் துணிவும் அழகாகக் காட்டப்பட்டிருந்தன. ஆனால் அந்தக் கிளர்ச்சிக்குக் கதையில் முடிவே இல்லை. அரச குலத்துப் பெண் ஒருத்தியின் தியாகமும், பழைய வாக்கும், உயிர்த்தெழும் அற்புதமும் அதன் இடத்தைப் பறித்துக்கொள்கின்றன. மக்கள் கண்ணீர் மல்கக் கைகூப்பி நிற்கின்றனர். உழைக்கும் கைகளைக் கொண்டாடிய படம், கடைசியில் அக்கைகளுக்குக் கூப்புவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை.

இரண்டாவது குறையும் இதனோடு தொடர்புடையது. காடு மண்ணைத் தானாகவே தூய்மையாக்கிக்கொண்டிருக்கிறது என்பது ஆழ்ந்த கருத்துத்தான்; ஆயின் மனிதன் செய்யவேண்டியது காத்திருத்தல் மட்டுமே என்ற ஆறுதலுக்கும் அது இடமளித்துவிடுகிறது. காடழிந்த மலைச்சரிவு தானாகத் திருந்துவதில்லை என்பதற்கு நமது மலைகளே சான்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள்மீது மண்சரிந்து வீழ்ந்தது. உயிரோடு புதைந்தவர் தொழிலாளக் குடும்பத்தினர். அபாயம் முன்னரே சுட்டிக்காட்டப்பட்டிருந்தும், வேறு நிலமும் வீடும் இல்லாதவர் அச்சரிவிலேயே இருந்தனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டிய காட்டுக்கான விலையை, அக்காட்டை விற்று இலாபம் பெற்றவரின் சந்ததி கொடுக்கவில்லை.

மூன்றாவதாக, தோல்மெக்கிய வல்லரசின் பொருளாதார அடிப்படை படத்தில் இல்லை. அதன் ஆகாயக் கப்பல்களை உருக்கியவர் யார், அதன் படைக்கு உணவு விளைத்தவர் யார், அது எதன் பொருட்டு நாடு பிடிக்கிறது என்பன கூறப்படவில்லை. எனவே போர் ஒருவர் இருவரின் பிடிவாதம் போலத் தோன்றிவிடுகிறது. புசல்லாவையிற் காடு எரிந்தது எந்தத் துரையின் பிடிவாதத்தாலும் அன்று. இலண்டன் சந்தையில் ஓர் அந்தர் கோப்பிக்கு இருந்த விலையால்.

இக்குறைகள் இப்படத்துக்கு மட்டும் உரியன அல்ல. 1986இல் பிரித்தானியாவில் வெளிவந்த ‘காற்று வீசும்போது’ என்னும் சித்திரப்படம், அரசாங்கத் துண்டுப்பிரசுரத்தை நம்பி அணுக்கதிரில் மெல்ல மெல்ல மாளும் முதிய தம்பதியரைக் காட்டிற்று. கண்டனம் கூர்மையானது; ஆயின் அங்கே மீட்சி என்ற பேச்சே இல்லை. 2008இல் அமெரிக்காவில் வெளியான ‘வால்-ஈ’, பண்டங்களை நுகர்ந்தே பூமியைக் குப்பைமேடாக்கிய சமுதாயத்தைச் சாடிற்று. இறுதியில் ஒரு கப்பற்தலைவன் மனம் மாறியதும் யாவும் நலமாகின்றன. இவற்றோடு வைத்து நோக்குமிடத்து, மியசாக்கியின் படமே மக்களின் கூட்டு வாழ்வை நெருங்கி வந்தது. நெருங்கி வந்தும் கடைசி அடியை எடுத்து வைக்கவில்லை என்பதே நமது வருத்தம்.

ஓர் உண்மைக் கலைஞன் தன் படைப்பின் குறையோடு சமாதானம் செய்துகொள்வதில்லை. மியசாக்கி இக்கதையை 1982 முதல் ஒரு மாத சஞ்சிகையிற் சித்திரத் தொடராக வரைந்துவந்தார். படம் அத்தொடரின் தொடக்கப் பகுதியை மட்டுமே கொண்டது. படம் வெளியானபின் பத்தாண்டுகள், இடையிடையே நிறுத்தி, அத்தொடரை வரைந்து 1994இல் முடித்தார். அங்கே அற்புதம் இல்லை. நச்சுக் காடே முன்னோரான விஞ்ஞானிகள் திட்டமிட்டு உண்டாக்கியது என்றும், இப்போதைய மனிதர் நஞ்சோடு வாழுமாறு மாற்றப்பட்டவர் என்றும், வரப்போகும் தூய உலகம் அவர்களுக்கென அமைக்கப்பட்டதன்று என்றும் நௌசிகா அறிகிறாள். தம்மைக் கருவியாக்கிப் பிறர் வகுத்த திட்டத்தை அவள் ஏற்க மறுத்து உடைக்கிறாள். பிறருடைய இலாபத்துக்காகப் பிறர் வகுத்த திட்டத்திற் பிறந்து, அத்திட்டத்துக்குள் தமக்கென இடமில்லை என்று கண்டவரின் நிலை மலையக மக்களுக்கு அந்நியமானதா? படம் சொல்லத் தவறியதைத் தொடர் சொல்லிற்று. ஆகவே படத்தைப் பார்ப்போர் தொடரையும் தேடிப் படிப்பது நன்று.

படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது, அதன் பின்னணியில் பள்ளத்தாக்கு மக்கள் தமது ஊரை மீண்டும் கட்டியெழுப்பும் காட்சிகள் சில தோன்றி மறைகின்றன. பார்ப்போரிற் பலர் அதற்குள் எழுந்துவிடுவர். ஆயின் வரலாறு தொடங்குவது அங்கேதான். மண்ணைத் திருத்துவதும், நீரைக் கொண்டுவருவதும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும், அண்டை ஊராரோடு பகை தீர்ப்பதும் கதையின் வால்களல்ல, கதையே அவைதாம்.

மலையகப் பாடசாலைகளில் பணிபுரியும் ஆசிரிய நண்பர்கள் இப்படத்தை மாணவருக்குக் காட்டத் தயங்கவேண்டியதில்லை. காட்டியபின் சில கேள்விகளையும் கேட்கவேண்டும். நமது தோட்டத்துக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? இம்மலையில் கோப்பிக்கு முன் என்ன நின்றது? அதனை வெட்டியவர் யார், வெட்டச் சொன்னவர் யார்? கீழே உள்ள சிங்களக் கிராமத்தார் எந்த நிலத்தை இழந்தனர்? நமது பாட்டனார் எந்த ஆண்டில், எந்த வழியில் வந்தார்? சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தது போல, லயத்து முதியோரிடம் எஞ்சியுள்ள நினைவுகளை மாணவர் எழுதி வைக்கலாம். அம்முதியோரின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறது. தோட்டத்துத் துரைமாரின் நினைவுக் குறிப்புகள் அச்சேறிய அளவுக்கு இவர்களுடைய நினைவுகள் ஏட்டில் ஏறவில்லை.

உலகம் அழிந்தபின் மனிதர் எவ்வாறு வாழ்வர் என்ற கேள்விக்கு யப்பானியக் கலைஞர் ஒருவர் அழகிய கனவொன்றை விடையாகத் தந்தார். அக்கனவில் உண்மையின் ஒரு பாதி உண்டு. மறுபாதி கொழுந்துக் கூடை சுமந்து, சங்கம் அமைத்து, உரிமை கேட்டு இன்றும் இம்மலைகளில் நடந்துகொண்டிருக்கிறது. அதனை எழுதவும் தீட்டவும் திரையிற் காட்டவும் வேண்டியவர் இம்மண்ணின் பிள்ளைகளே.